திருவண்ணாமலைத் தோழருக்கு

அரசியல்வாதிகளின் தன்வரலாறுகளை நான் சேர்ப்பது அவர்கள் மீதுள்ள மரியாதையால் அல்ல. முதல் பதிப்பாக இருக்க வேண்டும்; ஆசிரியர் தம் கைப்பட யாருக்காவது எழுதிக் கொடுத்ததாகவும் இருக்க வேண்டும். உள்ளே அச்சாகியிருப்பதை நான் நம்புவதில்லை. முதல் பக்கத்தில் மையால் எழுதியிருப்பதையும் லேசில் நம்புவதில்லை. வருவாய்த் துறையில் கையெழுத்துகளைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவன்.

ஒரு முன்னாள் அமைச்சரின் புத்தகம் மட்டும் அகப்படாமலே இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பழைய புத்தகக் கடைக்கு அது வந்தது. 1971, முதல் பதிப்பு. நீல மையில், ‘திருவண்ணாமலைத் தோழருக்கு, அன்புடன்.’ கீழே கையெழுத்தும் அதே வருடமும்.

விலைகூடக் கேட்காமல் பணத்தை எடுத்தேன். பிறகு எழுத்தைப் பார்த்தேன். ‘ணா’வும் ‘லை’யும் இன்று எழுதுகிற மாதிரி இருந்தன. அப்போதெல்லாம் ணாவைச் சுழித்து, லைக்குத் தும்பிக்கை வைத்துத்தான் எழுதுவோம். மாற்றச் சொல்லி அரசாணை வந்ததே 1978இல்.

“இது போலிப்பா” என்றேன் கடைக்காரரிடம்.

“இன்னா சார், கீழ்பென்னாத்தூர்ல ஒரு வூட்டை இடிச்சப்ப மூட்டையோட வந்துச்சு. இதுக்குன்னு ஒருத்தன் உக்காந்து எழுதுவானா?”

“எழுதுவான். ஆணைக்கு முன்னாடி புது எழுத்து எப்படி வரும்?”

“உங்களுக்கு சந்தேகம் ஜாஸ்தி சார்.”

மறு வாரம் டீக்கடையில், இந்த வேட்டையில் எனக்குப் போட்டியான ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் அக்குளில் அதே புத்தகம். ஏமாந்துவிட்டீர்கள் என்று காரணத்தோடு விளக்கினேன். அவர் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

“அந்த அமைச்சர் இருந்த சீர்திருத்த இயக்கத்துக்காரங்க எங்கப்பா காலத்துலயே இப்படித்தான் எழுதினாங்க சார். அதைப் பாத்துதான் சர்க்காரே ஆணை போட்டுச்சு. உங்களுக்கு ஆணை வந்தாத்தான் மூச்சே வரும்.”

புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். அச்சிலும் கடைசிப் பக்கம் வரை அதே புது எழுத்து. நான் மை இருந்த பக்கத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அச்சு எழுத்து கையெழுத்துக்குச் சாட்சியாகாது என்று வாதாடிப் பார்த்தேன். பிறகு கேட்டேவிட்டேன்.

“எனக்குக் குடுத்துடுங்களேன். பதிலுக்கு என்கிட்ட இருக்கறதுல எது வேணும்னாலும் எடுத்துக்கங்க.”

“போலியைப் போய் உங்க தலையில கட்டுவனா சார்?” என்று புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டார்.

பிறகு அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அலமாரிக் கண்ணாடி வழியாகக் காட்டுவார், கையில் தரமாட்டார். அந்தக் கையெழுத்தின் மேல் எனக்கு இன்னும் சந்தேகம்தான். தீர்த்துக்கொள்ள வேண்டுமானால் அது கொஞ்ச காலம் என் மேசையில் இருக்க வேண்டும்.