கேட்டது என்று சொல்லும் பொத்தான்

என் ஓரகத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் போனாக இருந்தாள்.

விளையாட்டு இல்லை, அதுதான் அவள் வேலை. உள்ளங்கை அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி, அதில் பொருந்தும்படி பத்துப் பன்னிரண்டு காகிதங்களில் கட்டமும் பொத்தானும் வரைந்து வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, இதான் போன். உங்க வார்டுல ஒருத்தங்களை ஸ்கேனுக்குக் கொண்டு போகணும். ஸ்ட்ரெச்சரைக் கூப்பிடுங்க பார்ப்போம்."

"எதைத் தொடணும்?"

பதில் இல்லை.

"உன்னைத்தான் கேக்குறேன்."

"போன் பதில் சொல்லாதுக்கா" என்றாள் உதடு அசையாமல்.

சக்கரம் போட்ட படத்தைத் தொட்டேன். அந்தக் காகிதத்தை உருவிவிட்டு அடுத்ததை வைத்தாள். அதில் கட்டில் எண்கள். ஒன்றைத் தொட்டேன். அடுத்த காகிதத்தில் பெரிய பச்சைப் பொத்தான் ஒன்றே ஒன்று. அதையும் தொட்டுவிட்டுக் கையை எடுத்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து என் கொழுந்தன், அதாவது அவள் வீட்டுக்காரர், எட்டிப் பார்த்து "டீ போடட்டுமா?" என்று அவளைக் கேட்டார். அவள் கல் மாதிரி இருந்தாள்.

"அண்ணி, சார்ஜ் இறங்கிப் போச்சு போல. ஒயரை மாட்டி விடுங்க" என்றார்.

போன் சிரித்துவிட்டது.

எங்கள் வீட்டில் அவளுக்குக் கேள்விக்குறி என்று பேர். கல்யாணமாகி வந்த முதல் வாரமே, "சர்க்கரை டப்பா ஏன் மேல் தட்டுல இருக்கு? தினம் எடுக்குறது அதைத்தானே?" என்று கேட்டவள். நான் ஆயாவாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்தான் அவளும் விசாரணைக் கவுண்டரில் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தாள். எக்ஸ்ரே எங்கே, ரத்தம் எங்கே எடுப்பாங்க என்று வருகிறவர்களுக்கு வழி சொல்லும் வேலை. அதே ஆள் வழி தெரியாமல் இரண்டாம் தடவை வந்து நின்றால் மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள். இவளோ எழுந்து அவர் பின்னாலேயே போய், எந்த மூலையில் தடுமாறுகிறார் என்று பார்த்துவிட்டு வருவாள். அந்த மூலையில் மறுநாள் மஞ்சள் நாடா ஒட்டியிருக்கும்.

அப்புறம் ஞாயிறு தோறும் வகுப்புக்குப் போய், ஆப் வடிவமைக்கப் படித்தாள். போனுக்குள் ஓடும் கணக்கையெல்லாம் எழுதுவதற்கு வேறு ஆள் உண்டு. எதைத் தொட்டால் எது வர வேண்டும், பொத்தான் எங்கே இருந்தால் கைக்கு எட்டும், பயந்திருப்பவர்கள் கண்ணுக்கு எது முதலில் படும் என்று யோசித்து வரைவது இவள் வேலை. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் பிரிவில் ஆறு மாதத்துக்கு எடுத்துப் பார்க்கிறோம் என்றார்கள். அவள் முழுசாகச் செய்த முதல் ஆப், ஸ்ட்ரெச்சரைக் கூப்பிடுகிற இந்த ஆப்தான்.

அதுவரை எங்களுக்கு இருந்தது ஒரு மணி. வார்டுச் சுவரில் பொத்தானை அழுத்தினால் கீழே ஸ்ட்ரெச்சர்காரர்கள் அறையில் மணி அடிக்கும். அடிக்கிறது என்று சொல்வார்கள். எங்களுக்கு அது கிணற்றில் போட்ட கல்தான்.

மேனேஜர் கண்டிப்பான மனிதர். "சனிக்கிழமை காலை எட்டிலிருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் ரெண்டாவது மாடி பெண்கள் வார்டுல மட்டும் மணியை நிறுத்திட்டு உங்க ஆப்பை வெச்சுப் பார்ப்போம். ஒரு பேஷன்ட் பத்து நிமிஷத்துக்கு மேல காத்துக் கிடந்தாலும் மணியே போதும். நீங்க கவுண்டருக்கே வந்துடுங்கம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டார். அது என் வார்டு. என்னை வைத்து அவள் ஒத்திகை பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்றையும் சொன்னாள்: "படிச்சவங்க தப்பா இருந்தாலும் சமாளிச்சுட்டுப் போயிடுவாங்கக்கா. நீங்கதான் புரியலைன்னா புரியலைம்பீங்க." ஐந்தாம் வகுப்போடு நின்றதற்கு எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

செவ்வாய்க்கிழமை நிஜப் போனோடு வார்டில் ஒத்திகை. ஒன்பது தடவை கூப்பிட்டோம். ஐந்து தடவைதான் ஸ்ட்ரெச்சர் வந்தது. கடைசியில் ஸ்ட்ரெச்சர்காரரே கோபத்தோடு மேலே ஏறி வந்தார். நிதானமாக நடப்பவர் என்பதால் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பேர்.

"கூப்பிடுறீங்க, கிளம்புறேன். வேணாம்னு வருது, திரும்புறேன். மறுபடியும் கூப்பிடுறீங்க. இது என்ன, ஊஞ்சலா?"

"நாங்க எங்கய்யா வேணாம்னோம்?" என்றார் ஹெட் நர்ஸ்.

அந்தப் பச்சைப் பொத்தானை ஒரு தடவை தொட்டால் அழைப்பு, இன்னொரு தடவை தொட்டால் ரத்து. தவறிக் கூப்பிட்டவர்கள் சட்டென்று நிறுத்த வசதியாக இருக்கட்டும் என்று என் ஓரகத்திதான் அப்படி வைத்திருந்தாள். நாங்களோ இரண்டு, நான்கு என்று தொட்டுத் தொட்டு எங்கள் அழைப்பை நாங்களே கொன்றிருக்கிறோம்.

கம்ப்யூட்டர் பிரிவில் ஆப் எழுதுகிற தம்பி, "ஒரு தடவை மட்டும் அழுத்தவும்னு நோட்டீஸ் ஒட்டிடலாம்" என்றார்.

"நோட்டீஸ் ஒட்டணும்னு தோணுற இடத்துல தப்பு நம்மளுது" என்று சொல்லிவிட்டாள். ஆனால் அவள் முகம் வாடியிருந்தது. வீட்டில் நான் ஒரே ஒரு தடவைதானே தொட்டேன். இங்கே மட்டும் ஏன் இத்தனை தடவை? அது அவளுக்குப் பிடிபடவில்லை.

புதன்கிழமை காலை வார்டுக்கு வந்து, துணி அலமாரி பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தரை மணிக்கு நான் சுவர் மணியை அழுத்தினேன். அழுத்தினேன், இன்னும் இரண்டு தடவை அழுத்தினேன், கட்டிலுக்குப் போய்ப் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்து மறுபடி அழுத்தினேன்.

"ஏன்க்கா திரும்பத் திரும்ப அழுத்துறீங்க?"

"சக்கரச் சத்தம் கேக்குற வரைக்கும் அழுத்துறதுதான். இருபது வருஷமா அப்படித்தான்."

"கீழே ஒரு தடவையிலேயே கேட்டிருக்கும்ல?"

"கேட்டிருக்கும். கேட்டுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அப்ப வீட்டுல ஏன் ஒரு தடவையோட நிறுத்துனீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்டுல போனே நீதானேம்மா. தொட்டதும் உன் மூஞ்சி மலர்ந்துச்சு. அப்புறம் எதுக்கு இன்னொரு தடவை தொடணும்?"

இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். பக்கத்துக் கட்டில் பாட்டி பயந்தே போனார். "மூஞ்சிக்கா. நான் வரைஞ்ச போனுக்கு மூஞ்சி இல்லை" என்று சொல்லிக்கொண்டே படிக்கட்டில் ஓடினாள். லிஃப்ட் வரும்வரைகூட அவளால் நிற்க முடியவில்லை.

கடவுளிடமும் நான் அப்படித்தான், ஒரே வேண்டுதலை நாலு தடவை வைப்பேன். அவருக்குக் காது கேட்காது என்றா? கேட்டதற்கு ஓர் அடையாளம் வேண்டும், அவ்வளவுதான். மனுஷ மனசு அது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவள் வீட்டில் நடக்கவே இல்லை, ஓடினாள். தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு வரையப் போய்விடுவாள். இனி பச்சைப் பொத்தானை எத்தனை தடவை தொட்டாலும் அழைப்பு சாகாது. ஒவ்வொரு தடவையும் போன் கையில் லேசாக அதிர்ந்து 'கேட்டது' என்று காட்டும். கீழே ஸ்ட்ரெச்சர்காரர் தன் போனைத் தொட்டுவிட்டுக் கிளம்பினால் எங்கள் போனில் சக்கரம் உருளும். யாரும் கிளம்பாவிட்டால், 'இன்னும் யாரும் கிளம்பவில்லை' என்று வரும். ரத்து தனியாக ஒரு மூலைக்குப் போய்விட்டது.

அந்த 'யாரும் கிளம்பவில்லை'யைக் கேட்டு ஆப் எழுதுகிற தம்பி தலையில் கை வைத்தாராம். "மேடம், சோதனை நாளன்னிக்கு நம்ம வாயாலேயே யாரும் வரலைன்னு சொல்லணுமா? மானம் போயிடும்."

"பொய் சொல்லிக் காப்பாத்துற மானம் நமக்கு வேணாம். போட்டுடுங்க" என்றாளாம்.

சனிக்கிழமை. முதல் அழைப்பு எட்டே காலுக்கு. தொட்டேன். கையில் குறுகுறு என்று ஓர் அதிர்வு. பழக்கதோஷம், இன்னும் மூன்று தடவை தொட்டேன். மூன்று தடவையும் 'கேட்டது' என்றது, சலிக்காமல். சக்கரம் உருண்டது. நான்கு நிமிஷத்தில் எக்ஸ்பிரஸ் வாசலில் நின்றார்.

"இன்னிக்கு ஊஞ்சல் இல்லையா?" என்றார்.

மதியத்துக்குள் பதினாறு அழைப்பு, பதினாறுக்கும் ஸ்ட்ரெச்சர். ஹெட் நர்ஸ் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. என் ஓரகத்தி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் எதையும் தொடக்கூடாது, எங்களுக்கு எதையும் சொல்லித்தரவும் கூடாது. அது அவளே போட்ட சட்டம்.

மூன்றரை மணிக்குப் பத்தொன்பதாம் கட்டில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் உடனே எக்ஸ்ரே என்றார். தொட்டேன். கேட்டது. சக்கரம் வரவில்லை. மறுபடி தொட்டேன். கேட்டது. இன்னும் யாரும் கிளம்பவில்லை.

திரும்பி அவளைப் பார்த்தேன். முந்தானையைக் கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தாள்.

பழைய மணியாக இருந்திருந்தால் அழுத்திக்கொண்டே நின்றிருப்பேன், வந்துகொண்டிருக்கிறார் என்று நம்பி. இப்போது போனே வாய்விட்டுச் சொல்லிவிட்டது, யாரும் வரவில்லை என்று. "சிஸ்டர், குளிக்கவைக்கப் போற சக்கர நாற்காலி இருக்குல்ல, அதுலயே போயிடலாம்" என்றேன். ஹெட் நர்ஸ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கடவுள் பேரைச் சொல்லிக்கொண்டே தள்ளினேன். ஆறாவது நிமிஷம் எக்ஸ்ரே அறைக்குள் இருந்தோம். வாசலில் ஏதோ விபத்தாம், எல்லா ஸ்ட்ரெச்சரும் அங்கே போயிருந்தன என்று அப்புறம்தான் தெரிந்தது.

நாலு மணிக்கு மேனேஜர் பட்டியலோடு வந்தார். "இருபத்து மூணு அழைப்பு. ஒண்ணுக்கு ஸ்ட்ரெச்சர் வரவே இல்லையே."

என் ஓரகத்தி வாயைத் திறப்பதற்குள் ஹெட் நர்ஸ் முந்திக்கொண்டார். "வரலைன்னு ரெண்டே நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு சார், அதான் நாங்களே கொண்டு போனோம். மணியை நம்பியிருந்தா அந்த அம்மா இந்நேரமும் எக்ஸ்ரே எடுக்காமலேதான் கிடப்பாங்க."

மேனேஜர் பட்டியலை இன்னொரு தடவை படித்தார். பத்தொன்பதாம் கட்டிலையும் எட்டிப் பார்த்தார். அந்த அம்மா ஆக்ஸிஜன் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

"அடுத்தது மூணாவது மாடி, குழந்தைங்க வார்டு" என்றார். "கவுண்டருக்கு வேற ஆள் போட்டுக்கிறேன்."

நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மேனேஜருக்கு நன்றி சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"சார், மூணாவது மாடியில ராத்திரி டியூட்டியில ஒரே ஒரு நர்ஸ்தானே? அவங்க ஒரு கையில குழந்தையை வெச்சுக்கிட்டு எப்படித் தொடுவாங்க?"

"அதை நீங்கதான்மா சொல்லணும்" என்றார் மேனேஜர்.

"அப்ப இப்பவே போய்ப் பார்த்துட்டு வந்துடுறேன்" என்று கையை உருவிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.