கண்கட்டிக் கட்டிலில் கிடந்தவள்

நம்புங்கள் என்று யாரையும் கேட்கப் போவதில்லை. இது நடந்தது. ஸம்றா தன் வாயால் என்னிடம் சொன்னது. அஸ்பியா என் ராத்தா, கூடப்பிறந்த அக்கா என்பதால் நான் எழுதுகிறேன்.

கல்முனையில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருவருக்கும் வேலை. ஊழியர்களின் வருடாந்தப் பயிற்சி ஸம்றாவின் பொறுப்பு. அதைத் தவறவிட்டவர், முடிக்கும் வரை நோயாளரைத் தொடக் கூடாது.

"நீ தூக்கினா நெல்லு மூட்ட தூக்கின மாதிரி, மகள். அஸ்பியா வரட்டும்."

ஒரு கிழவி எல்லோர் முன்னாலும் இப்படிச் சொல்லிச் சிரித்ததிலிருந்து ஸம்றாவுக்கு வயிறு எரிந்தது. சனிக்கிழமைப் பயிற்சியை அதற்கு முந்திய புதனுக்கு மாற்றினாள். எல்லோருக்கும் சொன்னாள், அஸ்பியாவைத் தவிர.

அங்கே ஒரு வழக்கம். பொறுப்பாளர் கண்ணைக் கட்டிக்கொண்டு நோயாளிபோலப் படுப்பார். ஒவ்வொருவராக வந்து, அவரைத் தூக்கிக் கதிரையில் உட்காரவைத்து, திரும்பப் படுக்கவைக்க வேண்டும். ஆள் யாரென்று பாராமல் அவர் "சரி" அல்லது "பிழை" சொல்வார்.

புதன் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஸம்றா படுத்தாள். கடைசியாக வந்தவள் றஞ்சிதமலர்.

"முடிஞ்சுது மிஸ். தேத்தண்ணி குடிக்கப் போறம்."

கதவு சாத்தியது. ஸம்றா கண்கட்டை அவிழ்க்கப் போனாள்.

சர்... சர்...

உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கும் சத்தம். நோயாளரைத் தொடுமுன் அப்படிச் செய்வது அஸ்பியா மட்டும்தான். இன்றைக்குப் பயிற்சி என்று இவளுக்கு யார் சொன்னது?

பிடரிக்குக் கீழே ஒரு கை நுழைந்தது. அவ்வளவு தேய்த்தும்... ஐஸ்.

தூக்கியதே தெரியவில்லை. கதிரையில் இருந்தாள்.

"பிழை," என்றாள் ஸம்றா.

திரும்பக் கட்டில். சர்... சர்... இன்னும் மெதுவாகத் தூக்கியது.

"பிழை!"

மறுபடி.

காதோடு, கிழவிகளிடம் அஸ்பியா பேசும் அதே குரல்...

"நோவுதா, உம்மா?"

கண்கட்டைப் பிய்த்தெறிந்தாள்.

யாருமில்லை.

ஸம்றா மட்டும் கதிரையில்.

பிறகுதான் தெரிந்தது. அன்று காலை றஞ்சிதமலர் ராத்தாவுக்கு போன் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். "ஓம், இந்தா வாறன்" என்று ராத்தா அட்டாளைச்சேனையிலிருந்து ஓட்டோவில் புறப்பட்டார். நிந்தவூரில் லொறி மோதியது. நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே உயிர் போய் மௌத்து.

மறுநாள், மையித்தைக் குளிப்பாட்டிய பெண்களால் ராத்தாவின் கைகளை இறக்க முடியவில்லை. யாரையோ ஏந்துவதுபோல் விறைத்து நின்றன.

வாசலில் நின்ற ஸம்றா அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒருக்கா சரி எண்டு சொல்லுங்களன்," என்று கெஞ்சினேன்.

அந்தக் கைகளையே பார்த்தாள்.

"மௌத்தாகியும் இவட கைதானா பெரிசு?"

அவ்வளவுதான். போய்விட்டாள்.

கைகள் இறங்கவில்லை. அப்படியே கபன் துணி சுற்றினோம்.