மாமியாரை வெளியே அனுப்பும் வேலை

கருத்தடை ஆலோசனை சொல்லும் நர்ஸுக்கு முதலில் வேண்டியது மருந்து ஞானம் இல்லை, கூட வந்தவர்களை அறைக்கு வெளியே அனுப்பும் சாமர்த்தியம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவதிப்பட்டவர்களுக்கு இது புரியும். நான் சிவாஜிநகர் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் பன்னிரண்டு வருஷமாக அவதிப்படுகிறேன்.

பி.பி. பார்த்த கதை

செல்விக்கு இருபத்து மூன்று வயது, கைக்குழந்தையோடு சேர்த்து இரண்டு பிள்ளைகள். நான் எது கேட்டாலும் மாமியார்தான் பதில் சொல்வார். "மாசாமாசம் ஒழுங்கா வருதா?" என்றால்கூட, "வருது" என்பது அவர்தான். "அம்மா, உங்க முகம் வாடியிருக்கு. பக்கத்து ரூம்ல பி.பி. பாத்துட்டு வாங்க" என்றேன். அவர் கதவைத் தாண்டியதும் செல்வி, "மூணு மாச ஊசி போடுங்க சிஸ்டர், அத்தைக்குத் தெரிய வேணாம்" என்றாள். பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டுப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து இருவரும் மறுபடி வந்தார்கள். நான் வாயைத் திறக்குமுன் மாமியாரே எழுந்தார். போகிறபோக்கில் என் காதருகே குனிந்து சொன்னார்: "எனக்கு பி.பி. எல்லாம் ஒண்ணுமில்லம்மா. எம் மாமியா இப்படி எழுந்து போயிருந்தா நான் ஏழு பெத்திருக்க மாட்டேன்."

ஸ்டாக் இல்லை

எல்லாம் சிரிப்பாக முடிவதில்லை. கார்மெண்ட்ஸில் தைக்கும் சரளா மாத்திரை வாங்க வந்த அன்று ஸ்டாக் இல்லை. "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து வந்தாள், நாலாவது குழந்தை வயிற்றில். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போதெல்லாம் டப்பா பாதியாகும்போதே புது ஸ்டாக் கேட்டு இண்டென்ட் எழுதிவிடுகிறேன். யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. அன்று அவள் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். மெதுவாக இவ்வளவுதான் சொன்னாள்: "நீங்க அடுத்த வாரம்னு சொல்லிட்டீங்க. சூப்பர்வைசர் லீவு தரணுமே சிஸ்டர்."

வெயிட் தூக்குவது யார்?

ஒக்கலிபுரத்தில் ஆட்டோ ஓட்டும் முருகன், மனைவி கஸ்தூரிக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யச் சொல்லி அழைத்துவந்தார். அவளுக்கு ரத்தம் ரொம்பக் குறைவு. "நீங்களே பண்ணிக்கலாமே, அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன். "பேடா சிஸ்டர், பேடா!" என்று, 'வேண்டாம்' சொல்லக்கூடப் பயத்தில் கன்னடத்துக்குத் தாவிவிட்டார். "அப்புறம் வெயிட் தூக்க முடியாதாம்."

கஸ்தூரி கேட்டாள்: "மூணு மாடிக்குத் தண்ணிக் குடம் தூக்கறது யாரு?"

அடுத்த வாரம் முருகன் தனியாக வந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு வாரம் கனமானது எதுவும் தூக்க வேண்டாம் என்றதும் சீட்டை நீட்டினார்: "அதை இதுல எழுதி சீல் போட்டுக் குடுங்க சிஸ்டர். வாயால சொன்னா அவ நம்பமாட்டா."

ஆக, எங்கள் தொழிலில் ஊசி போட இரண்டு நிமிஷம் போதும், அதற்கு முன் ஒரு குடும்பத்தையே சமாளிக்கத்தான் சம்பளம் தருகிறார்கள்.