விசில் உள்ள ஜாக்கெட்

நான் வேலை பார்க்கும் இடத்துக்குக் கண்ணைக் கட்டிவிட்டால்கூட வந்து சேர்ந்துவிடுவேன். மூக்கு போதும். மதுரைக்கு வெளியே ஒரு கண்மாய். கரையில் டிக்கெட் கொடுக்கும் தகரக் கொட்டகை. அதை ஒட்டி இரும்புக் குழாயில் லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்கும். வாங்கியபோது ஆரஞ்சு நிறமாம். இப்போது முந்தாநாள் சாம்பார் நிறம். காலையில் வந்ததும் அவற்றை உதறி மாட்டுவதுதான் என் முதல் வேலை. உதறினால் ஊரே எழுந்து வரும். தேங்காய் எண்ணெய், வாடிய மல்லிகை, முகப் பவுடர், யாரோ தின்ற பரோட்டா சால்னா, கைக்குழந்தை மூத்திரம். எல்லாவற்றுக்கும் மேலே வேர்வை. அது யாருடைய வேர்வை என்று பிரித்துச் சொல்ல முடியாது. போன ஞாயிறு வந்தவன், அதற்கு முந்தைய ஞாயிறு வந்தவன், எல்லாருடையதும் உள்ளே இறங்கி ஊறி அங்கேயே குடித்தனம் நடத்துகிறது.

இதையெல்லாம் துவைத்தால் என்ன என்று முதலாளியிடம் ஒருமுறை கேட்டேன். படகுச் சவாரியைக் காண்ட்ராக்ட் எடுத்திருப்பவர் அவர்.

“துவைச்சா எப்படா காயும்? அதுவரைக்கும் வர்றவனுக்கு உன் சட்டையக் கழட்டிக் குடுப்பியா?”

“குடுக்கலாம்ணே. என் சட்டையும் இதே நாத்தம்தான். வித்தியாசம் தெரியாது.”

அவர் முறைத்தார். துவைக்கிற பேச்சு அத்தோடு முடிந்தது. எனக்குக் கழுத்தில் படர்தாமரை வந்ததுதான் மிச்சம்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. ஆனால் வாய் மட்டும் நின்றுவிடாமல் மேலே மேலே படித்துக்கொண்டே போனது. இந்த வேலைக்கு அந்த வாய்தான் வேண்டும். ஜாக்கெட்டை நீட்டினால் ஒருவரும் லேசில் போட மாட்டார்கள். புதுப்பெண்களுக்குப் பட்டுச்சேலை மறைந்துவிடும். பையன்களுக்குச் செல்ஃபியில் நெஞ்சு தெரியாது. பெரிய மனிதர்கள் அதைத் துண்டு போலத் தோளில் போட்டுக்கொண்டு படகில் ஏறுவார்கள். அலங்காநல்லூரில் மாடு பிடித்துவிட்டு நேரே இங்கே வந்த ஒரு கூட்டம், ஜாக்கெட் என்ற பெயரைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தது.

“மாப்ள, ஜாக்கெட்டு போடணுமாம்டா! அப்ப சேலையும் குடுப்பானா?”

“சேலை அங்கிட்டு இருக்குண்ணே. அளவு சொன்னா எடுத்துத் தாரேன்” என்றேன்.

அன்றிலிருந்து ஆண்களிடம் அதற்குக் ‘கோட்டு’ என்று பெயர் வைத்துவிட்டேன். கோட்டு என்றால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் மாட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கிளை இறுக்குவேன். மூச்சைப் பிடிக்காவிட்டால் மதியச் சோறு இறங்காது.

பெரிய ஜாக்கெட்டுகள் நிறைய உண்டு. குழந்தைகளுக்கானது இரண்டுதான் தேறும். ஒன்றில் நடு பக்கிள் உடைந்து, அதற்குப் பதில் ஒரு சுடிதார் நாடா கட்டியிருக்கும். அதைப் போட்டிருந்த பையன் ஒருவன் படகில் ஏறும்போது கால் தவறிப் படித்துறையிலேயே விழுந்தான். ஜாக்கெட் மிதந்தது. பையன் அதற்குள்ளிருந்து நழுவிக் கீழே போனான். காதுக்கு மேலே ஏறிக்கொண்ட ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு, முடியைப் பிடித்து நான்தான் தூக்கினேன். கண்மாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு அவன் வாந்தி எடுத்ததும் என் மேல்தான். முதலாளி வந்து பார்த்துவிட்டு, நாடாவை இன்னொரு சுற்று சுற்றிக் கட்டச் சொன்னார்.

இன்னொன்று நல்லது. மூன்று பக்கிளும் பிடிக்கும். ஆரஞ்சு நிறமும் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதில் மஞ்சள் நிறத்தில் ஒரு விசிலும் கயிற்றில் தொங்கும். தண்ணீரில் விழுந்தால் ஊதுவதற்காம். எல்லா ஜாக்கெட்டிலும் இருந்ததுதான். வந்தவர்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இது மட்டும் எப்படியோ தப்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்கா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சமயநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். டவுன் பஸ் பிடித்து வந்திருந்தாள். அவனுக்கு ஏழு வயது. எனக்கு மருமகன் என்பதால் மாப்ள என்றுதான் கூப்பிடுவேன். அவனுக்கு அந்த நல்ல ஜாக்கெட்டை மாட்டிப் படகில் ஏற்றினேன். கண்மாயைச் சுற்றி வந்தவரைக்கும் அவன் விசிலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. நாரைகள் எல்லாம் எழுந்து வேறு கண்மாய்க்குப் போய்விட்டன. படகு ஓட்டுகிற அண்ணன் கரைக்கு வந்ததும் காதைக் குடைந்தார்.

“உன் மருமகன டிராபிக் போலீசுல சேத்துவிடு. மதுரைக்கு இவன் ஒருத்தன் போதும்.”

“மாமா, இன்னொருக்கா போவோம்” என்றான் அவன், விசில் வாயோடு.

“இறங்கு மாப்ள. அடுத்த ஆளு நிக்குது.”

அடுத்த ஆள் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர். பெரிய கார், கையில் தங்கக் காப்பு, இஸ்திரி மடிப்பு கலையாத வேட்டி. கூட மனைவியும் மகளும். அந்தப் பாப்பாவுக்கும் ஆறேழு வயது இருக்கும். அது அப்போதே படகைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தது. நான் கோட்டு என்றதும் அவர் சிரித்துப் போட்டுக்கொண்டார். அந்த நாற்றத்துக்கு ஒரு முகச்சுளிப்பு கூட இல்லை. நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன். மருமகனிடமிருந்து ஜாக்கெட்டைக் கழற்றிப் பாப்பாவிடம் கொண்டுபோனேன்.

அவர் பையனைப் பார்த்தார். அன்பாகத்தான் கேட்டார்.

“எந்த ஊருடா தம்பி நீ?”

மருமகன் ஊர்ப் பெயரைச் சொன்னான்.

“அங்க எந்தத் தெரு?”

அந்த இரண்டாவது கேள்வி எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், டீக்கடையில், வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். மருமகனுக்கு அது இன்னும் தெரியாது. தெருப் பெயர் தெரிந்த பெருமையில் சத்தமாகச் சொன்னான்.

“காலனித் தெரு!”

வெள்ளைச் சட்டைக்காரரின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. குரலும் மாறவில்லை. பாப்பாவின் தோளைப் பிடித்து ஒரு அடி பின்னால் இழுத்தார், அவ்வளவுதான்.

“தம்பி, பாப்பாவுக்கு வேற ஒண்ணு குடுப்பா.”

“வேற ஒண்ணுல பக்கிள் இல்லண்ணே. நாடாதான் இருக்கு.”

“பரவால்ல. அதையே குடு.”

“தண்ணியில விழுந்தா அது நிக்காதுண்ணே. இது நல்லா இருக்கு, பிடிச்சுக்கும்.”

“அதான் சொல்றேன்ல? நான் கூட இருக்கேன். அதைக் குடு.”

அவர் மனைவி, “பக்கிள் இருக்கிறதையே போடலாம்ல?” என்று மெதுவாகக் கேட்டார். “நீ சும்மா இரு” என்றார் இவர், அதே அன்போடு.

அவர் மார்பில் கிடந்த கோட்டை அதற்கு முன்னால் போட்டிருந்தவன் யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கே தெரியாது. இதையெல்லாம் கையால் தொட்டு அவர் நெஞ்சில் பக்கிள் மாட்டிய என்னிடமும் தெரு கேட்கவில்லை. கரையில் நிற்கும் அந்தப் பொடியனின் வேர்வைதான் அவருக்கு வேர்வை.

படகு கிடையாது போங்கள் என்று சொல்லியிருக்கலாம். டிக்கெட் கொடுத்தாயிற்று, முதலாளி என்னைத்தான் போகச் சொல்வார். அதோடு அந்தப் பாப்பா ஏற்கெனவே படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. நாடா கட்டிய ஜாக்கெட்டை அதற்கு மாட்டி அனுப்ப என் கை வரவில்லை. அன்றைக்குப் படித்துறையில் பிடித்த அந்தப் பையனின் முடி வழவழப்பு இன்னும் விரலில் இருந்தது.

“அண்ணே, ஒரு நிமிசம். உள்ள புதுசு ஒண்ணு இருக்கு. விஐபி வந்தா குடுக்கச் சொல்லி முதலாளி எடுத்து வச்சது. இருங்க, எடுத்துட்டு வாரேன்.”

நல்ல ஜாக்கெட்டைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். புதுப் பிளாஸ்டிக் நாற்காலி சுற்றி வந்த பாலித்தீன் உறை ஒன்று மூலையில் கிடந்தது. முதலாளியின் சென்ட் மேசையில் இருந்தது. ஜாக்கெட்டை ஈரத்துணியால் மேலாகத் துடைத்து, சென்டைப் புஸ் புஸ்ஸென்று அடித்து, உறைக்குள் திணித்தேன். திரும்பினால் வாசலில் அக்கா நிற்கிறாள்.

“என் பிள்ளை போட்டதுக்கு சென்ட் அடிச்சுத்தான் குடுக்கணுமாடா?”

“அடுத்ததுல பக்கிள் இல்லக்கா. பாப்பா விழுந்துச்சுன்னா?”

அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். பாப்பா படகை ஆட்டிக்கொண்டிருந்தது.

“போ. இறுக்கி மாட்டிவிடு” என்றாள்.

வெளியே வந்து அவர் கண்ணுக்கு எதிரிலேயே உறையைப் பிரித்தேன். பலகாரக் கடைக்காரன் மாதிரி இரண்டு விரலால் நுனியைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். அவர் முகர்ந்து பார்த்தார்.

“பாத்தியா? கேட்டாத்தான் இவனுக நல்லத வெளிய எடுப்பானுக” என்றார் மனைவியிடம்.

“சரியாச் சொன்னீங்கண்ணே” என்றேன். மூன்று பக்கிளையும் இறுக்கி மாட்டினேன். இழுத்துப் பார்த்தேன். நின்றது. படகு கிளம்பியது.

பாதிக் கண்மாய்க்குப் போனதும் பாப்பா விசிலைக் கண்டுபிடித்துவிட்டது. எனக்கு அதுவரை அந்த விசில் ஞாபகமே இல்லை. சத்தியமாக இல்லை. ஜாக்கெட்டைத் துடைத்தவன் அதைத் துடைக்கவும் இல்லை. பாப்பா வாயில் வைத்து ஊதியது. சத்தம் வரவில்லை. மறுபடி ஊதியது. அப்புறம் அப்பாவிடம் நீட்டியது. வெள்ளைச் சட்டைக்காரர் குனிந்து, கயிற்றோடு விசிலை இழுத்து வாயில் வைத்து, கன்னம் உப்ப ஒரு ஊது ஊதினார் பாருங்கள். கரை வரைக்கும் கேட்டது.

“மாமா! அது என் விசிலு!” என்று கத்தினான் மருமகன்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். இதைச் சொல்லியே ஒரு வருடம் ஊரைச் சிரிக்கவைக்கலாம் என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. மகனின் தலையில் கையை வைத்துக்கொண்டு படகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ஆளு இன்னும் அது புதுசுன்னுதானேடா நெனச்சுட்டு இருக்கான்?” என்றாள்.

படகு திரும்பி வந்தது. பாப்பா வாயில் விசில். நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டது. வெள்ளைச் சட்டைக்காரர் குஷியாக இறங்கினார்.

“தம்பி, இந்த ஜாக்கெட்ட தனியா எடுத்து வையி. பாப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அடுத்த வாரமும் வாரோம்.”

பாப்பா கரையில் பத்திரமாக நின்றது. அக்கா எனக்கு நேர் எதிரே நின்றாள். வாய் வேலையை ஆரம்பித்துவிட்டது.

“அது ஏற்கெனவே தனியா எடுத்து வச்சதுதாண்ணே. எங்க அக்கா மகனுக்கு. அந்தா நிக்கிறான். விசில் வேணும்னு அழுகுறான்.”

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. முதலில் பையனைப் பார்த்தார். பிறகு பாலித்தீன் உறையை. பிறகு என்னை. என் தெருவும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. என் கை பட்ட நெஞ்சைத் தட்டித் துடைத்துக்கொண்டார். பாப்பாவின் வாயிலிருந்து விசிலைப் பிடுங்கினார்.

“துப்பு! துப்பு பாப்பா!”

“ஏன்ப்பா?”

“துப்புன்னா துப்பு!”

மனைவி தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். பாப்பா பல் விளக்குகிறோம் என்று நினைத்துச் சந்தோசமாகக் கொப்புளித்தது. கொப்புளித்த தண்ணீர் அவர் செருப்பில் விழுந்தது. அவர் படித்துறை ஓரத்துக்குப் போய், தொண்டையைக் காறி, மஞ்சளாக ஒன்றைக் கண்மாய்க்குள் துப்பினார். அது கரையாமல் ஆகாயத்தாமரை இலையில் உட்கார்ந்து ஆடியது. இங்கே எத்தனையோ அசிங்கத்தைப் பார்த்தவன் நான். கைக்குழந்தை மூத்திரத்தைக் கையால் பிழிந்தவன். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

“உன் ஓனர் யாருடா? அவன்கிட்ட பேசிக்கிறேன்.”

“பேசுங்கண்ணே. நீங்களும் வாயக் கொப்புளிச்சுட்டுப் பேசுங்க.”

அவர் கை ஓங்கினார். படகு ஓட்டுகிற அண்ணன் துடுப்போடு நடுவில் வந்து, “ஐயா, பாப்பா பாக்குது” என்றார். வெள்ளைச் சட்டைக்காரர் பாப்பாவின் ஜாக்கெட்டை உருவிப் போட்டு, தன் கோட்டையும் கழற்றித் தரையில் எறிந்துவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார். பாப்பா போகும்போது என் மருமகனுக்கு டாட்டா காட்டியது. அவனும் காட்டினான்.

“உனக்கு வாயிலதாண்டா சனி. நாளைக்கு வேலை இருக்கோ இல்லையோ” என்றார் அண்ணன்.

“இல்லன்னா மூக்குக்கு லீவுதானேண்ணே.”

சொல்லிவிட்டேனே தவிர, வேறு வேலைக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. மருமகன் என் லுங்கியைப் பிடித்து இழுத்தான். ஜாக்கெட்டிலிருந்து விசிலை அவிழ்த்து அவன் கையில் கொடுக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“கழுவிட்டுக் குடு. யாரு யாரு வாயி வச்சதோ.”

கொட்டகைக்குப் பின்னால் குழாயடிக்குப் போனேன். முதலாளியின் சோப்பை எடுத்து விசிலை நுரைக்க நுரைக்கத் தேய்த்தேன். கை நிற்கவில்லை. அந்த ஜாக்கெட்டையும் வாளிக்குள் போட்டேன். தண்ணீர் முதலில் காப்பி நிறமானது, அப்புறம் கறுத்தது. திரும்பி வந்து, அவர் எறிந்துவிட்டுப் போன கோட்டையும் தூக்கிப் போட்டேன். வெளியே அடுத்த கூட்டம் ஜாக்கெட் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தது.

“இருங்கண்ணே, துவைக்கிறேன்ல!” என்று இங்கிருந்தே கத்தினேன்.