தாய்மாமன் மடியும் அமெரிக்காவும்

மலேசியாவின் கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அழகிரிக்கு அமெரிக்காவைத் திட்டாவிட்டால் தேநீர் தொண்டையில் இறங்காது. எந்த நாட்டில் குண்டு விழுந்தாலும் சரி, எந்த நாட்டுக்கு வரி போட்டாலும் சரி, ஜரீனா அக்காவின் தேநீர்க் கடையில் உட்கார்ந்து தாளித்துவிடுவான். "உலகத்துக்கே இவன்தான் முதலாளியா?" என்பான். அமெரிக்கக் குளிர்பானத்தைக் கையாலும் தொடமாட்டான். அவன் பெட்டி பெட்டியாக அடுக்கும் கையுறையெல்லாம் அமெரிக்க ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறது என்று அக்கா சொன்னால் மட்டும் காது கேட்காது.

அவனுடைய சொந்தக் கவலை வேறு. அறந்தாங்கிப் பக்கம் தங்கை மகள் தாமரைக்கு நாலு வயசாகியும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவேன் என்று தங்கை ஒற்றைக் காலில் நின்றாள். இருப்பதோ ஒரே மாமன். அவன் பாஸ்போர்ட்டோ கம்பெனி அலமாரியில். கேட்டால் மேனேஜர், "அடுத்த மாசம் பாக்கலாம்" என்பார். அந்தப் பாழாய்ப்போன அடுத்த மாசம் மூன்று வருஷமாக வரவில்லை.

அப்போதுதான் அமெரிக்கா ஓர் உத்தரவு போட்டது. தொழிலாளிகளின் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கும் இந்தக் கம்பெனியின் கையுறை ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது. கண்டெய்னர்கள் துறைமுகத்திலேயே நின்றன. மூன்று வருஷக் கெஞ்சலுக்கு அசையாத மேனேஜர் மூன்றே வாரத்தில் அலமாரியைத் திறந்தார். அமெரிக்கா சார்பில் சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள், எல்லார் கையிலும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், போனார்கள்.

மறுநாள் காலையே சூப்பர்வைசர் பரமேஸ்வரன் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். "எல்லாரும் திருப்பிப் போடுங்க. ஆபிஸ்லயே சேஃப்பா இருக்கும்லா."

வரிசையில் முதல் ஆள் அழகிரி. தாமரையின் மூளிக் காது கண்ணுக்குள் வந்து நின்றது.

"தரேன் அண்ணே. நேத்து வந்த வெள்ளைக்காரர் நம்பர் குடுத்திருக்காரு. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தரேன்."

எந்த வெள்ளைக்காரரும் எந்த நம்பரும் கொடுக்கவில்லை. ஆனால் பெட்டியை நோக்கி நீண்ட அத்தனை கைகளும் பின்னால் போயின. பரமேஸ்வரன் அவனையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"கெட்டிக்காரன்யா நீ. நீயே வச்சிக்கோலா. மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அந்த வாரமே லீவு கிடைத்தது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் தாமரைக்குப் பட்டுப்பாவாடை வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தவனை ஜரீனா அக்கா விடவில்லை.

"என்ன தம்பி, இப்ப அமெரிக்கா நல்லவனா?"

"அட போங்கக்கா. என் சாமான் என் கைக்கு வரதுக்கே அவன் சொல்லணும்னா, அப்ப அவன்தானே முதலாளி? அதுக்கும் சேத்துத் திட்டுவேன். திரும்பி வந்து."

பத்து நாள் கழித்து அக்காவின் போனுக்கு ஒரு படம் வந்தது. தோடு மினுங்க, மாமன் மடியில் தாமரை சிரிக்கிறாள். அழுதுகொண்டிருந்தது மாமன்தான். அவன் சட்டைப்பையில் பாஸ்போர்ட் துருத்திக்கொண்டிருந்தது.