எறும்பு துப்புரவு செய்த புலிச்சோழி

வாழவந்தி நாட்டிலிருந்து மலையிறங்கி, அடிவாரத்துக் காரவள்ளிப் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது வெள்ளைக்காரன் ஆட்சி. மாட்டுக்கு அலங்காரச் சாமான் செய்யும் பட்டறை அது. நெற்றிப்பட்டையில் சோழி தைப்பது என் வேலை. சோழி ஏதோ மரத்துக் கொட்டை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். யாரிடமும் கேட்கக் கூச்சம்.

முதலாளியின் சம்சாரம், "ஏன் அம்மிணி, நாக்க மலையிலயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்று கேலி செய்வார்.

ஆடிப் பதினெட்டுக்கு ஒரு பண்ணைக்காரர் தம் இரண்டு காளைகளுக்கும் பட்டை கேட்டிருந்தார். பட்டைக்கு மூன்று புலிச்சோழி. கடற்கரை வியாபாரி பத்து கொண்டுவந்தார். கோழிமுட்டை அளவு, உடம்பெல்லாம் புள்ளி, எண்ணெய் தடவினாற்போல மினுக்கம். ஆனால் மூட்டையைப் பிரித்ததும் குடலைப் புரட்டும் நாற்றம்.

"பாறையில புடிச்சத அப்படியே கொண்டாந்துட்டான். இத மாடு மோந்தா மிரண்டு ஓடிருமே!" என்றார் முதலாளி.

அடிப்பக்க இடுக்கில் எட்டிப் பார்த்தேன். மழைக்கு எங்கள் காட்டில் பொறுக்குகிற நத்தைச் சதை மாதிரியே இருந்தது. கொட்டை இல்லை, கடல் நத்தையின் கூடு!

இடுக்கில் விரல் நுழையவில்லை, ஊசியால் கிளறியும் சதை வரவில்லை. என் அப்பா ஊதுகொம்பு செய்ய மாட்டுக்கொம்பை எறும்புப் புற்றருகே வைப்பார். எறும்பு உள்ளேயுள்ளதைச் சுத்தமாகத் தின்றுவிடும். அது எனக்கு அப்போதே ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

முதலாளி நாலு சோழியைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டார். மறுநாள் நாற்றம் அப்படியே இருந்தது, மினுக்கம்தான் போயிருந்தது. சுண்ணாம்புக் கட்டிபோல வெளுத்துக் கிடந்தன. மிச்சம் ஆறு. வேண்டியதும் ஆறு.

"மிச்சத்தச் சாம்பக் காரத்தண்ணியில போட்டுப் பாக்கறேன்" என்று கூடையை எடுத்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கூடையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாமுங்க. எறும்பு தின்னுமுங்க."

"பேசுதுங்க இது!" என்று சம்சாரம் கைதட்டினார்.

வேப்பமரத்தடிச் செவ்வெறும்புப் புற்றருகே ஆறையும் வைத்து, கூடையால் மூடிக் கல் வைத்தேன். ஐந்தாம் நாள் அலசி எடுத்தபோது நாற்றம் இல்லை, மினுக்கம் குறையவில்லை. பட்டை நேரத்துக்கு முடிந்தது.

"மொத நாளே தெரியுமா உனக்கு?" என்று கேட்டார் முதலாளி.

"தெரியுமுங்க."

"அப்ப அந்த நாலு?"

வெளுத்த சோழி ஒன்றை என் மடியில் போட்டார். "இனி வாயத் தொறக்கலீன்னா, இத உன் நெத்தியில கட்டிச் சந்தைக்கு ஓட்டிருவேன் கண்ணு."

புதிதாக வேலைக்குப் போகிறவர்களே, தெரிந்ததை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மெதுவாகச் சொன்னாலும் போதும். நான் சொல்லிக் காப்பாற்றிய ஆறும் காளைகளோடு போய்விட்டன. சொல்லாமல் கெடுத்த நாலில் ஒன்று இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.