சுவரில் லாரி நம்பர்கள்

இன்று காலை சேக்காட்டில் எங்கள் வீட்டுச் சுவர் எதிரே ஒரு கான்ஸ்டபிள் வந்து நின்றார்.

சுவர் முழுக்கக் கரியால் எழுதிய நம்பர்கள். எல்லாம் ஜப்பானோடு நடக்கும் யுத்தத்துக்காக ஆவடி ராணுவ முகாமுக்குப் போகும் லாரிகளுடையவை.

"இன்னாம்மா, ஜப்பான்காரனுக்குக் கணக்கு எடுத்துக்கினு கீறியா?"

"என் பொண்ணு எழுதினதுங்க. நாலு வயசு. பள்ளிக்கூடம் போறதுக்குள்ள கை பழகட்டும்னு, கண்ல பட்டத எழுதச் சொன்னேன்."

அவர் நம்பவில்லை. கீழே கிடந்த கரித்துண்டை எடுத்து, வாசலில் நின்ற என் மகளிடம் நீட்டினார். "எங்க, எழுது பாக்கலாம்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் தோளில் இருந்த பித்தளை நம்பரை லாரிகளுக்குக் கீழே அப்படியே எழுதினாள்.

கான்ஸ்டபிள் தெருவைத் திரும்பிப் பார்த்தார். தன் நம்பரை மட்டும் கைக்குட்டையால் அழித்தார். "மிச்சத்த நீ அழிச்சுடும்மா" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

அவள் கரித்துண்டோடு வாசலில்தான் இருக்கிறாள். எதைப் பார்த்து எழுதச் சொல்லட்டும், யாராவது சொல்லுங்கள்.